தெருக்குத்துப் பிள்ளையார்

தியாகராய நகரில் எங்கள் வீட்டுக்குத் தெருக்குத்து உண்டு. எதிரே வரும் தெரு நேராக வந்து எங்கள் மதில் சுவரில் முட்டி நிற்கும். குடும்பத்துக்கு ஆகாது என்று பலரும் ஒதுக்கிய மனையைத் தாத்தா மலிவாக வாங்கிப் போட்டார். இந்த மாதிரி இடத்தில் மற்றவர்கள் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்துத் தோஷத்தைக் கழித்துவிடுவார்கள். தாத்தா சாமி கும்பிடாதவர், வைக்கவில்லை.

தாத்தா போன பிறகு வீடு பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவானது. பெரியப்பா கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். போரூரில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. இதை விற்றுவிடலாம் என்றார். அப்பா தன் அண்ணன் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பாதிப் பணத்தில் இந்தப் பக்கம் ஒரு சமையலறைகூட வாங்க முடியாது, தாம்பரம் தாண்டித்தான் போகவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் பயந்து போயிருந்தாள். எட்டு வயதில் எனக்குத் தாம்பரம் என்றால் தினமும் ரயில், அவ்வளவுதான். சந்தோஷமாகவே இருந்தேன்.

தரகர் வந்தார். மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எடம் சூப்பர் சார். ஆனா தெருக்குத்து கீதே. பார்ட்டி வெலய அடிப்பான்."

பெரியப்பா சிரித்தார். மண்ணுக்கென்று தனியாக ஒரு விலை கிடையாது, சுற்றியிருப்பவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ அதுதான் விலை என்று கூடத்தில் ஒரு வகுப்பே எடுத்தார். "நான் நம்பணும்னு இல்லை. வாங்கறவன் நம்பினா போதும்." அடுத்த வாரமே மதிலில் மாடம் கட்டி, சின்னதாக ஒரு கருங்கல் பிள்ளையாரை உட்கார வைத்துவிட்டார். செலவு இல்லை, முதலீடு என்றார்.

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. தினமும் விளக்கேற்றினாள். சாயங்காலம் சுண்டல் செய்து தூக்குவாளியில் போட்டு என் கையில் கொடுத்து, மதிலோரம் நின்று போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னாள்.

"ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கு நிறையப் போடு."

இவளுக்கு எப்போது இவ்வளவு பக்தி வந்தது என்று அப்பாவே வியந்தார். புது வண்டி வாங்கியவர்கள் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்க அங்கே வர ஆரம்பித்தார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் நின்று தலையில் குட்டிக்கொண்டார்கள். யாரோ தகரக் கூரை போட்டார்கள், யாரோ உண்டியல் வைத்தார்கள். ஆயுதபூஜைக்கு ஆட்டோக்காரர்கள் பந்தலே போட்டுவிட்டார்கள். தெருவில் எங்களைவிடப் பிள்ளையாருக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

தரகர் மறுபடி பார்ட்டியை அழைத்து வந்தபோது, அந்தப் பார்ட்டி காரைவிட்டு இறங்கவேயில்லை. தரகர் மட்டும் உள்ளே வந்தார்.

"வெறும் தெருக்குத்துன்னா வெலயில பேசி முடிச்சிருக்கலாம் சார். இப்ப கோயிலு கீது. அத்த எடுத்தா தெருவே அடிக்க வரும். எவன் சார் கை வெப்பான்?"

பெரியப்பா வாசலில் நின்று மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் அவரும் விற்கும் பேச்சை விட்டுவிட்டார்.

தரகர் வருவது நின்றது. கூடவே சுண்டலும் நின்றது. ஏன் என்று ஆட்டோக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். நான் போய் அம்மாவிடம் கேட்டேன். அவள் அப்போதுதான் குளித்துவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு, நிதானமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"கடலை வெலை ஏறிடுச்சுடி."

நானும் நம்பி, அப்படியே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.