கீழ் வீட்டு வால்வு

நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு எங்காவது போய்த் தேடிக்கொள்ளலாம். இது நடந்தது சாயங்காலம் நாலு பத்துக்கு. மூன்று நாளும் நாலு பத்துக்கு. நடந்தது எங்கள் குடும்பத்தில் எதற்கும் பயப்படாத, யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காத பெரியவளுக்கு. அவள் பொய் சொல்ல மாட்டாள். பொய் சொல்லவும் எதிராளிக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்தாக வேண்டும். அது அவளிடம் கிடையாது.

வெளிநாட்டில், நகரத்தில், எட்டாவது மாடியில் அவளும் அவள் புருஷனும் சௌக்கியமாக இருந்தவர்கள். மாப்பிள்ளைக்குத்தான் திடீரென்று ஞானம் பிறந்தது. தாடி வைத்த எவனோ ஒருவன் மரம் வெட்டுவதையும் ரொட்டி சுடுவதையும் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, "நமக்கும் அமைதி வேணும்மா" என்று ஆரம்பித்தார். ஆறு மாதக் கைக்குழந்தையோடு ஒரு குக்கிராமத்துச் சரிவில் தனி வீடு வாங்கிக் குடிபோனார்கள்.

தாடிக்காரன் காட்டாதது நிறைய இருந்தது. குப்பை வண்டி வராது. ஐந்து வகையாகப் பிரித்துக் காரில் ஏற்றி ஆறு கிலோமீட்டர் போய்க் கொட்ட வேண்டும். தபாலை முனையில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள், முனை என்பது முக்கால் கிலோமீட்டர். காற்றடித்தால் இணையம் போகும். பனி விழுந்தால் பாதை போகும். கிளினிக் செவ்வாயும் வெள்ளியும் மட்டும், மற்ற நாளில் யாருக்கும் உடம்புக்கு வரக் கூடாது போலிருக்கிறது. விறகைக் காய்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். மாப்பிள்ளை ஈரமாக வாங்கினார்.

"கேட்டு வாங்க மாட்டீங்களா?"

"மரம்னா மரம்தானேன்னு நினைச்சேன்."

"சரிதான். உங்கள மாதிரியே இருக்கு. பத்தத் தெரியல, புகையத் தெரியுது."

தண்ணீருக்குச் சொந்தக் கிணறு. நிலவறையில் மோட்டார். வீட்டில் குழாயைத் திறந்தால் அது தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். எல்லாக் குழாயும் மூடியிருந்தால் அது ஓட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஓடியது. தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு. க்ர்ர்ர்ர் என்று நாற்பது வினாடி. பிறகு நின்றுவிடும்.

"காத்து பிடிச்சிருக்கும்," என்றார் மாப்பிள்ளை. எந்த இயந்திரம் கெட்டாலும் அவருக்குத் தெரிந்த வியாதி அது ஒன்றுதான்.

பெரியவள் கல்யாணத்துக்கு முன் லாரித் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரு பெரிய குடியிருப்பில் அசோசியேஷன் செயலாளராக இருந்தவள். விடியற்காலையில் கார் கழுவியவனைக் கையில் பிடித்த பைப்போடு கூட்டத்தில் நிறுத்தியவள். மோட்டார் காரணமில்லாமல் ஓடினால் அவளுக்குத் தெரிந்த காரணமும் ஒன்றுதான். திருட்டு.

நாற்பது வினாடிக்கு எவ்வளவு வரும் என்று குழாயைத் திறந்து பிடித்துப் பார்த்தாள். சரியாக ஒரு வாளி.

நிலவறைக்கு டார்ச்சோடு இறங்கினாள். மோட்டாரிலிருந்து இரண்டு பைப் போயின. ஒன்று மேலே, வீட்டுக்கு. இன்னொன்று சுவரைத் துளைத்துக்கொண்டு சரிவுப் பக்கம். அதில் சிவப்புக் கைப்பிடி போட்ட ஒரு வால்வு, திறந்தபடி இருந்தது.

அடுத்த தடவை முட்டைக்காரர் வந்தபோது பிடித்துக்கொண்டாள். அந்த ஊரில் அக்கம்பக்கம் என்று சொல்ல அவர் ஒருவர்தான். பெரியவளுக்கு அந்தப் பாஷை அரைகுறை. அதிலும் அதட்டல் மட்டும் சுத்தமாக வரும்.

"அந்த பைப் எங்க போகுது?"

"கீழ் வீட்டுக்கும்மா."

சரிவின் அடியில் கூரையில்லாத நாலு சுவர் நின்றது. உள்ளே முள்ளும் புதரும். அதற்குப் பெயர் வீடு.

"அங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல. எங்கப்பா காலத்துலயே இடிஞ்சு போச்சு."

"அப்புறம் எதுக்குத் தண்ணி? மூடிடறேன்."

முட்டைக்காரர் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மூடாதீங்கம்மா."

"ஏன்?"

"மூடாம இருந்தா நல்லது."

"காரணம் சொல்லுங்க."

அவர் முட்டைத் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"ஊரே கூட்டுக்களவாணி," என்று நகரத்தில் இருக்கும் தங்கை சின்னவளிடம் போனில் சொன்னாள். "யாரோ பைப்பைப் பிரிச்சுத் தோட்டத்துக்குப் பாய்ச்சறான். இவரு அதுக்கு வக்காலத்து."

"ஒரு வாளி தண்ணிதானேக்கா?"

"இன்னிக்கு வாளி. நாளைக்கு டேங்கர். நீ சும்மா இரு."

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை நகரத்து ஆபீசுக்குக் கிளம்பினார். வாரத்தில் மூன்று நாள் அங்கே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். பெரியவளும் குழந்தையும் தனி.

அன்று சாயங்காலம் நாலு ஐந்துக்கு வால்வை மூடினாள். துருப்பிடித்த கைப்பிடி, இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. மேலே வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு பத்து... பதினொன்று... பன்னிரண்டு. மோட்டார் ஓடவில்லை.

"பாத்தியா," என்றாள் குழந்தையிடம். குழந்தை கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

அப்போது பின்கதவுப் படியில் ஒரு சத்தம்.

டங்.

இரும்பு வாளியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு அதன் கைப்பிடி விளிம்பில் விழும் சத்தம். காலி வாளி. நிறைந்த வாளிக்கும் காலி வாளிக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம் தண்ணீருக்கு வரிசையில் நின்றவளுக்குத் தெரியாதா?

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. குளிர்காலத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். படியில் பனி படிந்திருந்தது. அதில் காலடி இல்லை. ஒரே ஒரு வட்டம் மட்டும்... வாளியின் அடி அளவுக்கு.

"இந்த மிரட்டலெல்லாம் வேற யார்கிட்டயாவது வச்சுக்கோ," என்று இருட்டைப் பார்த்து நம் பாஷையிலேயே கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

புதன்கிழமை காலை எழுந்ததும் வாய் பஞ்சு மாதிரி இருந்தது. மூன்று டம்ளர் குடித்தாள். அடங்கவில்லை. இன்னும் இரண்டு. வயிறு களக் களக் என்றது. உதடு வெடித்திருந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தை ஆறு மணிக்கு ஒரு புட்டிப் பால் குடித்தான். ஒன்பதரைக்கு இன்னொன்று. ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

பத்து இருபதுக்கு டயபரைப் பார்த்தாள். ஈரமில்லை.

ஒன்று நாற்பதுக்குப் பார்த்தாள். ஈரமில்லை.

சாயங்காலம் நாலு பத்து. டங். அதே படி. இந்தத் தடவை கதவைத் திறக்கவில்லை. பயம் ஒன்றும் இல்லை, குளிர் உள்ளே வரும் என்று சின்னவளிடம் சொன்னாளாம்.

"அக்கா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு? மணல் தின்ன மாதிரி?"

"தொண்டை காஞ்சிருக்கு."

"தண்ணி குடி."

"நாள் முழுக்க அதத்தான் குடிக்கறேன்."

அன்று ராத்திரி பாதையைப் பனி மூடிவிட்டது.

வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து குழந்தை புட்டியை விடவில்லை. கிளினிக் கிடையாத நாள். அங்கே பார்க்கும் டாக்டரம்மாவின் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"பால் குடிக்கறானா?"

"காலைலேந்து அஞ்சு புட்டி."

"வாந்தி? வயித்துப்போக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"கடைசியா எப்ப டயபர் நனைஞ்சுது?"

"...செவ்வாய்க்கிழமை."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்," என்றாள் டாக்டரம்மா. "பனியை ஒதுக்கிட்டு வரணும். ரெண்டு மணி நேரம் ஆகும்." இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். இணைப்பு போய்விட்டது. அப்போது மணி மூன்று பத்து.

மூன்றரைக்குக் குழந்தையின் உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருந்தது. தடவிப் பார்த்த விரல் பள்ளத்தில் இறங்கியது.

மூன்று ஐம்பதுக்கு அழ ஆரம்பித்தான். முகம் சிவந்து, வாய் கோணி, ஓவென்று. கண்ணில் மட்டும் ஒன்றும் இல்லை.

கண்ணீர் இல்லாமல் அழுதான்.

ஸ்பூனால் தண்ணீர் ஊட்டினாள். விழுங்கினான். இன்னொரு ஸ்பூன். விழுங்கினான். நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். காகிதம் மாதிரி இருந்தது. இப்போதுதானே தண்ணீர் போனது அந்த வாயில்?

நாலு மணி. அழுகை நின்றுவிட்டது. அதுதான் மோசம். முனகல் மட்டும்.

நாலு ஐந்து.

நாலு எட்டு. வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

நாலு பத்து.

டங்.

படியில் இல்லை.

வீட்டுக்குள். நிலவறைப் படிக்கட்டில்.

கைப்பிடி விளிம்பில் விழுந்தது. அப்புறம் ஒரு படி கீழே... டங். இன்னொரு படி... டங். யாரோ வாளியை ஒவ்வொரு படியிலும் வைத்து, மூச்சு வாங்கி, எடுத்து, இறங்குகிறார்கள். வயசானவர்கள் இறங்குவது போல.

பெரியவள் குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். டார்ச்சை எடுத்தாள். அது எரியவில்லை. வெளிச்சமில்லாமலேயே இறங்கினாள்.

சுவரைத் தடவிக்கொண்டு போனாள். பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. ஈரத் துணி வாசனை. மூச்சுச் சத்தம் இல்லை. வாளிக் கைப்பிடி மட்டும் கிறீச்... கிறீச்...

வால்வு கைக்கு அகப்பட்டது. திருகினாள். அசையவில்லை.

"இரு... திறக்கறேன்."

அசையவில்லை.

"எடுத்துக்கோ. தர மாட்டேன்னு சொல்லல. எடுத்துக்கோ."

அசையவில்லை. மேலே முனகல் நின்றுவிட்டது.

"எடுத்துக்கோங்க," என்றாள் பெரியவள். வாழ்நாளில் யாரிடமும் வராத குரல். "உங்க தண்ணி. நான்தான் மூடினேன். குழந்தை ஒண்ணும் பண்ணல. எடுத்துக்கோங்கம்மா..."

கைப்பிடி திரும்பியது.

க்ர்ர்ர்ர்...

எண்ணினாள். அந்தப் பயத்திலும் எண்ணினாள். நாற்பது. நிற்கவில்லை. எண்பது. நிற்கவில்லை. நூற்றிருபதில் நின்றது.

மூன்று வாளி.

மேலே குழந்தை வீறிட்டான். ஓடினாள். டயபர் நனைந்து, துணி நனைந்து, தொட்டில் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டிலும் கண்ணீர்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஐந்தே காலுக்கு வந்தார்கள். குழந்தையைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். "கொஞ்சம் வாடியிருக்கான். நாளைக்கு டாக்டர்ட்ட காட்டுங்க," என்று சொல்லிவிட்டு, வீணாக வரவழைத்துவிட்டாளே என்ற முகத்தோடு போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை திரும்பினார். முழுவதையும் கேட்டார்.

"பிரஷர் ஸ்விட்ச்ல கோளாறு. அதோட நீயும் சரியாத் தூங்கல."

பெரியவள் எழுந்து வெளியே போனாள். முட்டைக்காரரைக் கடப்பாரையோடு கூட்டி வந்தாள். நிலவறைச் சுவருக்கு வெளியே, பைப் போகும் இடத்தில் தோண்டச் சொன்னாள். கீழ் வீட்டில் எவன் பைப்பைப் பிரித்திருக்கிறான் என்று முட்டைக்காரருக்குக் காட்டிவிடலாம் என்று மாப்பிள்ளையும் வந்து நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

அதிகம் தோண்ட வேண்டியிருக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு கை நீளத்தில் பைப் முடிந்துவிட்டது. முனையில் இரும்பு மூடி வைத்து வெல்டிங் செய்திருந்தது. அதன் மேல் துரு ஏறிக் கல்லாகியிருந்தது. சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது.

"அப்போ தண்ணி எங்கதான் போகுது?" என்றார் மாப்பிள்ளை.

"நாங்க கேக்கறதில்ல," என்றார் முட்டைக்காரர்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் பெரியவள்.

"சொன்னேனேம்மா. மூடாதீங்கன்னு. நீங்க காரணம் கேட்டீங்க. அது எனக்கும் தெரியாது."

பகல் பதினொன்றரைக்குக் கிளினிக். டாக்டரம்மா குழந்தையை எடை போட்டாள். போன செவ்வாய்க்கிழமை அவளே எழுதிய எடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எண்ணூறு கிராம் குறைஞ்சிருக்கு."

"எல்லாப் பாலும் குடிச்சான் டாக்டர். சத்தியமா..."

"தெரியும்." எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "மூடினீங்களா?"

எதை என்று பெரியவள் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள்.

"உங்களுக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்தவர் எப்படிப் போனார்னு வித்தவங்க சொன்னாங்களா?"

"வயசாகின்னு..."

"ஐம்பத்திரண்டு வயசு. அவரும் உங்கள மாதிரி வெளியூர்லேந்து வந்தவர்தான். போய்ப் பாத்தது நான். சமையலறைல கிடந்தார். வீட்ல எல்லாக் குழாயும் திறந்திருந்துது, தண்ணி வாசல் தாண்டி ஓடிட்டிருந்துது. அறுத்துப் பாத்தா வயிறு முட்டத் தண்ணி. நாக்கு காஞ்சு மேலண்ணத்துல ஒட்டியிருந்துது. உடம்புல வேற எங்கயும் ஈரமே இல்ல. என்ன காரணம்னு எழுதறதுன்னு தெரியாம ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தேன்."

குழந்தை டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தான்.

"அவர் எத்தனை நாள் மூடி வச்சிருந்தார்?" என்றாள் பெரியவள்.

"மூணு நாள்," என்றாள் டாக்டரம்மா. "மூணாவது நாள் மத்தியானம் முட்டைக்காரர் போய்க் கெஞ்சியிருக்கார். நாளைக்குத் திறந்துக்கலாம்னு சொன்னாராம்."