கோட்டோரம் ஆளில்லை

எங்கள் பக்கம் கபடி என்றால் கோட்டை ஒட்டி ஆள் உட்கார வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை அது. மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு இழுத்ததுமே ஜனம் வந்து கோட்டுக்கு ஒரு முழம் தள்ளிச் சம்மணம் போட்டுவிடும். அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கும் பின்னால் நிற்கிறவர்கள். கபடி பாடி வருகிறவனைப் பிடித்து வெளியே தள்ளினால் எங்கள் மடியில்தான் வந்து விழுவான். வேட்டி கிழியும், வெற்றிலைப் பை சிதறும், ஒரு தரம் என் முன்பல் ஒன்று போனது. விழுந்தவனின் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி, "போடா, போயி பாட்றா" என்று உள்ளே தள்ளிவிடுவோம். அதனால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு விழுவதற்குப் பயமே கிடையாது. வெளியூர்க்காரன் கோட்டருகில் வந்தால் காலை ஊன்றி நிற்கப் பார்ப்பான். எங்கள் பையன் உடம்பை அப்படியே விட்டுவிடுவான். பின்னால் ஆள் இருக்கிறது என்று அவன் முதுகுக்கே தெரியும்.

நான் கரும்பு வெட்டினவன். வெட்டு முடிந்த கையோடு கத்தியை வைக்கோலில் துடைத்துவிட்டு ஆட்டம் பார்க்க நடந்திருக்கிறேன். கிருமாம்பாக்கத்துக்கும் போவோம், கடலோரம் பனித்திட்டுக்கும் போவோம். பனித்திட்டில் மணலில் ஆடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு மணலில் கால் வராது, தோற்றுவிட்டு வருவோம். வருகிற வழியெல்லாம் சண்டை, யாரால் தோற்றோம் என்று. ஒருத்தன் கோபத்தில் செருப்பை விட்டுவிட்டு வந்து, பாதி வழியில் திரும்பி ஓடினான். அவன் பேர்கூட இப்போது வாயில் வரவில்லை. செருப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது, டயர் செருப்பு.

எங்கள் ஊரில் காணும்பொங்கல் அன்று ஏரிக்கரைக்குக் கீழே திடலில் ஆட்டம். வடக்கு மூலைதான் என் இடம். என் மகன் ஆட வந்த பிறகும் அங்கேதான் உட்கார்ந்தேன்.

ஜனம் எப்போது குறைந்தது என்று கேட்டால் ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாது. முதலில் பொம்பளைகள் நின்றார்கள். குடித்துவிட்டு வருகிறவன் வாயைக் கேட்க முடியவில்லை, அவசரத்துக்கு ஒதுங்கவும் இடமில்லை. ஒரு வருஷம் இரண்டு தெருக்காரர்களுக்குள் கல்வீச்சு வந்தது. போலீஸ் வந்து, வீசினவனை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவனை அடித்தது. பிறகு பெரிய மனுஷர்களை அழைத்து மாலை போடுகிற பழக்கம் வந்தது. பத்து மணி ஆட்டத்துக்கு அவர்கள் ஒரு மணிக்கு வருவார்கள், பேசுவார்கள். வெயிலில் உட்கார்ந்தவன் தலை சுற்றி எழுந்து போனான். அப்புறம் டிவியில் கபடி வந்தது. ரப்பர் பாயில், விளக்கு வெளிச்சத்தில். ஒரே பிடியை நாலு பக்கத்திலிருந்து காட்டினான். அதைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் பையன்கள் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி தெரிந்தார்கள்.

கடைசியாக, விழாக்குழுப் பையன்களே ஆட்டத்தைச் செல்போனில் நேரடியாகக் காட்ட ஆரம்பித்தார்கள். அதோடு முடிந்தது. திடலில் இரண்டு டீமும், மைக் பிடித்துச் சொல்கிறவரும், நாற்பது ஐம்பது பேரும். மிச்ச ஊர் முழுக்க வீட்டில்.

வடக்குப் பக்கம் காலியாகக் கிடப்பது போனில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அங்கே விளம்பரப் போர்டு கட்டினார்கள். இரும்புச் சட்டத்தில், கோட்டிலிருந்து நாலடியில். போர்டு முன்னால் சாயாமலிருக்க முன்பக்கம் குறுக்குக் கம்பி. நானும் அதைப் பார்த்தேன். படம் நன்றாக வருகிறதே என்றுதான் நினைத்தேன்.

மகனுக்கு முப்பத்தாறு வயது. டிராக்டர் ஓட்டுகிறவன். முட்டி போய்விட்டது, இந்த வருஷத்தோடு போதும் என்றிருந்தான். காலையில் பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "யப்பா, இன்னிக்கு வாப்பா. கடைசி ஆட்டம்" என்றான்.

"நீ போ, நான் வந்துட்றன்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. போகத்தான் நினைத்தேன். சட்டையும் போட்டேன். பக்கத்து வீட்டுப் பங்காளி வந்து, "இன்னாண்ணே, கௌம்பிட்டியா? எம்மாம் வெயிலு பாரு. திடல்ல போயி கருவாடா காயப்போறியா? ஒம் மருமவ போன்லயே வருதே" என்றான்.

"புள்ள கூப்டாண்டா."

"கூப்டுவான். நீ அங்க போனா மைக்காரன் தலையத்தான் பாப்ப. இங்க ஒக்காந்தா ஒம்புள்ள மூக்குல வேர்வ வழியறதே தெரியும்."

மருமகள் போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மேலே ஃபேன் ஓடியது. "மாமா, நீங்க போவலயா? சொல்லிட்டுப் போனாரே" என்றாள். "ரெண்டாவது பாதிக்குப் போறேன்மா" என்றேன். டீ கொடுத்தாள். பங்காளி சொன்னது நிஜம்தான், வேர்வை தெரிந்தது.

எங்கள் வீடு திடலுக்குப் பக்கம். மைக் சத்தம் காற்றில் நேராகவே கேட்கும். போனிலும் அதே சத்தம் வரும், ஆனால் கொஞ்சம் பிந்தி. முதலில் ஊரில் கேட்கும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிக்கிற நேரத்தில் போனில் கேட்கும். பங்காளி அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். வெளியே "அவுட்" என்று கேட்டதும், "பாரு, இப்ப இவன் அவுட்டாவப் போறான், எனக்கு ஜோசியம் தெரியும்" என்பான். மருமகள் சிரிப்பாள்.

இரண்டாவது பாதி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மகன் பாடப் போனான். அப்போது வெளியே மைக் நின்றது. பாதிப் பேச்சில் நின்றது. பிறகு "தூக்காத, தூக்காத" என்று ஒரு குரல், அதுவும் அறுந்தது. போனில் அவன் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறான். நல்லபடியாக நிற்கிறான். தொடையைத் தட்டுகிறான். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாரும் ஜோசியம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவன் வடக்கு மூலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணுக்காலைப் பிடித்தான் ஒருத்தன். இரண்டு பேர் தோளால் இடித்தார்கள். அவன் எப்போதும்போல உடம்பை விட்டான், பின்பக்கமாக, பார்க்காமல். குறுக்குக் கம்பி பிடரியில் பட்டது.

எனக்கு எழுத்து தெரியாது. படத்துக்குக் கீழே, பார்க்கிறவர்கள் அனுப்புகிற எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் மருமகள் வாய்விட்டுப் படித்துவிட்டாள். "செம பிடி." அடுத்தது, "எழுந்திருடா மாப்ள." அதற்கப்புறம்தான் அவள் கத்தினாள்.

ஓடினேன். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஜனம் போனும் கையுமாக நின்றது. "இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி" என்று என்னையே கேட்டார்கள். அங்கே யாராவது தூக்கியிருப்பார்கள் என்று இங்கே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நான் போனபோது அவன் அப்படியே கிடந்தான், போர்டுக்குக் கீழே. ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "யப்பா, வந்துட்டியா" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்பு என்றார்கள், உள்ளே நரம்பு என்றார்கள். கை கொஞ்சம் அசைகிறது. மார்புக்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்று மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். முதுகில் புண் வரக்கூடாது, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள் என்று நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். நான் தோளைப் பிடிப்பேன், மருமகள் இடுப்பைப் பிடிப்பாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவனே சொல்வான்.

நான் திடலில் இருந்ததாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பார்க்க வருகிறவர்களிடமும், "அப்பா அங்கதான் இருந்தாரு, ஒடனே தலைய புடிச்சிக்கினாரு" என்று சொல்வான். நானும் திருத்தவில்லை, மருமகளும் திருத்தவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் அந்தப் படத்தைப் போடச் சொன்னான். வேண்டாமென்றாள். பிடிவாதம் பிடித்தான். போட்டாள். விழுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். பின்னால் தள்ளச் சொன்னான், மறுபடி போடச் சொன்னான். விழுவதை அவன் பார்க்கவில்லை. ஓரத்தில் இருக்கிற ஆட்களைப் பார்த்தான், ஒவ்வொருத்தராக.

"யப்பா, நீ எந்தப் பக்கம் ஒக்காந்திருந்த?"

மருமகள் போனைப் பிடித்தபடியே நின்றாள்.

"வூட்லதான்டா இருந்தேன்."

"எந்த வூட்ல?"

"நம்ம வூட்ல. இங்கதான். போன்ல பாத்தேன்."

அவன் கூரையைப் பார்த்தான். "நல்லா தெரிஞ்சிதா?" என்றான்.

"தெரிஞ்சிதுடா."

"செரி, ஆஃப் பண்ணு" என்றான் அவளிடம்.

அன்று சாயங்காலம் புரட்டுகிற நேரம் வந்தது. தோளைப் பிடிக்கப் போனேன். "நீ வுடுப்பா, ஒனக்கு முடியாது. பங்காளியக் கூப்புடு" என்றான். அன்றிலிருந்து பங்காளிதான் வந்து புரட்டிவிட்டுப் போகிறான். அவனும் ஆட்டத்தன்று என்னோடு உட்கார்ந்து பார்த்தவன் என்று மகனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.