முட்டத்துக்குப் போய்ச் சேராத சனிக்கிழமை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொட்டாரத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நானே பாதிதான் நம்புகிறேன், ஆனால் அன்று காரை ஓட்டியது நான்தான்.

நாங்கள் நாலு பேர், நாலு பேரும் ஆண்களை விரும்புகிற ஆண்கள். மற்ற நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு நடக்கிற எங்களுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் சொந்தம். முட்டம் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து பொரித்த மீனைத் தின்றுகொண்டு, யாரைப் பிடித்திருக்கிறது, எவன் ஏமாற்றினான் என்று வாய் வலிக்கப் பேசுவோம். ஜெரினும் சாகுலும் குளச்சல்காரர்கள். செல்வின் அண்ணன்தான் மூத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். விஷயம் தெரிந்து தம்பிமார் ஒதுக்கிவிட்டதால் வில்லுக்குறியில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை நோய் வேறு.

அன்று காலையிலேயே அண்ணன் போன் செய்து, லேசாகக் காய்ச்சல், நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் நாகர்கோவிலிலிருந்து கிளம்பினோம். ஜெரின் துபாயில் தன்னோடு அறையில் இருந்த ஒருவனைப் பற்றிச் சொல்லச் சொல்ல நாங்கள் சிரித்துக்கொண்டே போனோம், கண்ணாடியை இறக்கியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்ததுகூட நினைவிருக்கிறது. கார் நின்றது. ஜெரின் பேச்சை நிறுத்தினான்.

"எலே மக்கா, இது அண்ணனுக்க வீடுல்லா?"

முட்டம் கடலோரம், வில்லுக்குறி கடலைவிட்டு உள்ளே தள்ளி, இரண்டுக்கும் ரோடே வேறு. எந்த இடத்தில் திரும்பினேன் என்று எனக்குத் தெரியாது, மற்ற இருவரும்கூடக் கவனிக்கவில்லை, சத்தியமாக ஒருவரும் ஒரு சொட்டு குடிக்கவில்லை.

வந்ததுதான் வந்தோம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டோம். பதில் இல்லை. போன் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. பின்பக்கக் கதவை உடைத்துப் போனால், அடுக்களைத் தரையில் வேர்த்துக் குளித்து நினைவில்லாமல் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அந்நிய ஆள் முன்னால் வாயே திறக்காத சாகுல் முன்னால் போய் நின்றான்.

"நாங்கதான் இவருக்க ஆளுவ. எங்க ஒப்பு வைக்கணும்?"

சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, இன்னும் ஒரு மணிநேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். விடியும்வரை மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது. பிறகு ஜெரின் மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றினான், சாகுல் தொழுதான். எனக்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை, ஆனாலும் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் அண்ணன் என்னைத்தான் தேடினார்.

"பாறையில எனக்க கையப் பிடிச்சிட்டே இருந்தியே, மக்கா. ஏன் ஒண்ணுமே பேசல?"

மயக்கத்தில் கண்ட கனவு என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தலையணை உறை மாற்ற வந்த நர்ஸ், இவரை எந்தக் கடலுக்குக் கூட்டிப்போனீர்கள் என்று கோபித்துக்கொண்டாள். உறையை விரித்துக் காட்டினாள். அண்ணனின் தலைமுடியிலிருந்து உதிர்ந்த கடல் மணல். நான் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.