மண்ணெண்ணெய் கட்சி மாறிய கதை

சாப்பிட உட்கார்ந்தவளைப் பார்த்துத் துரோகி என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அக்கா வீட்டுக்காரருக்கு அது தாராளமாகவே இருந்தது. வாயில் போட்டதை விழுங்கக்கூட இல்லை, அதற்குள், "துரோகிக்கு இன்னொரு கரண்டி வை, பாவம், கட்சி மாறி மாறிக் களைச்சுப் போயிருப்பா" என்றார். அக்காவும் சிரித்துக்கொண்டே பரிமாறினாள். கூடப் பிறந்தவள் சிரிக்கிறாளே, அதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை. தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு மாடிக்கு ஏறிப்போனாள்.

அப்படி என்ன துரோகம் செய்தாள்? நாட்டைக் காட்டிக் கொடுத்தாளா, வீட்டுப் பத்திரத்தை மாற்றி எழுதினாளா? ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு விண்கலத்தை ஓட்டிக்கொண்டு வானவெளியில் திரிவார்கள். அதில் பேரரசு, கூட்டணி என்று இரண்டு பெரிய கட்சிகள். இரண்டிலும் சேராதவர்கள் சுயேச்சை. கட்சி மாறலாம், விளையாட்டே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் மாறினால் அதுவரை சேர்த்த பதவியும் பட்டமும் போய்விடும், அடிமட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இவள் மாறினாள். அதுவும் இரண்டு முறை.

முதலில் கட்சியைத் தேர்ந்தெடுத்தவளே இவள் இல்லை என்பதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? அக்கா வீட்டுக்காரருக்கு டைல்ஸ் கடை. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேரரசின் தளபதி. அவருக்குக் கீழே ஒரு படையே இருந்தது. மாடி அறையில் குடியிருக்கும் மச்சினியும் ஆடிப் பார்க்கட்டும் என்று அவரே விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். எந்தக் கட்சி என்று திரையில் கேள்வி வந்தது. அவள் படித்து முடிப்பதற்குள் மனிதர் குறுக்கே கையை நீட்டி, பேரரசு என்பதைத் தட்டிவிட்டார். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? நம்ம வீட்டுப் பொண்ணு நம்ம கட்சி." அவ்வளவுதான் அவளுடைய விருப்பம், அவ்வளவுதான் அவளுடைய ஓட்டு.

அவளுக்குக் கிடைத்த வேலை எரிபொருள் சுமப்பது. மற்றவர்கள் பீரங்கி வைத்த கலங்களில் பறந்து சண்டை போட்டுப் பெயர் வாங்குவார்கள். இவள் ஒரு பெருத்த, மெதுவான டேங்கர் கலத்தில் பின்னாலேயே போய் அவர்களுக்கு ஊற்ற வேண்டும். படையின் எரிபொருள் கிடங்கை வாராவாரம் நிரப்பி வைப்பதும் இவள்தான். கலத்துக்குத் தள்ளுவண்டி என்று பெயர் வைத்தாள். படை அவளுக்கு மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்தது. "ஏ மண்ணெண்ணெய், சீக்கிரம் வா" என்று அவள் வயதில் பாதி இருக்கிறவன்கூடக் கூப்பிடுவான். அவள் அதற்குக் கோபப்படவில்லை. சொல்லப்போனால் அந்த எடுபிடி வேலை அவளுக்குப் பிடித்தே இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

லிப்ட்டுக்குள் மணிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும், பார்த்திருப்பீர்கள். லிப்ட் பாதியில் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அதை அழுத்தினால் லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஒரு மேஜைமேல் சிவப்பு விளக்கு எரியும். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் இவள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் பின்சுவர், அதில் வரிசையாகத் தண்ணீர் சொட்டும் ஏசி பெட்டிகள். காதில் பஞ்சு தேய்ந்துபோன ஹெட்செட். அந்த அறையிலிருந்து எத்தனை பேரின் அழுகையை நிறுத்தியிருக்கிறாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. "மெக்கானிக் கிளம்பிட்டாரு. கதவத் தள்ளாதீங்க, தரையில உக்காந்துக்கோங்க. நான் லைன்லதான் இருக்கேன்" என்பாள். வெறும் குரல்தான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். மெக்கானிக் வண்டியை எடுக்காமல், எடுத்துவிட்டார் என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். "கிளம்பிட்டாங்கன்னு சொல்லி வையேன், அவங்களுக்குத் தெரியவா போகுது" என்று சூப்பர்வைசரே சொல்லிப் பார்த்தார். "உள்ள மாட்டுனவங்களுக்கு நம்ம வார்த்தைய விட்டா வேற எதுவும் இல்ல சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விளையாட்டிலும் கதை அதேதான். நட்சத்திரம் இல்லாத இடத்தில் எரிபொருள் தீர்ந்தால் கலம் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் காற்றும் தீரும், எஞ்சினை அணைத்து வைத்தால் அடியில் மிஞ்சியதை வைத்து இன்னும் சற்று நேரம் தாங்கலாம். சுமந்து வந்த சரக்கெல்லாம் போகும். அப்படி மாட்டியவர்கள் பொது அலைவரிசையில் கூப்பிடுவார்கள், பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். தள்ளுவண்டி போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருத்தர் கூப்பிட்டார். கூட்டணிக் கட்சிக்காரர், பேச்சுக்குப் பேச்சு இருமல். "முதல் தடவையா இவ்வளவு தூரம் வந்தேன். பல வாரமாத் தோண்டுன சரக்கு ஏத்தியிருக்கேன். பெட்ரோல் கணக்கு தப்பாப் போச்சு" என்றார். எதிர்க்கட்சி என்று இவள் பார்க்கவில்லை. லிப்ட்டில் மாட்டியவரிடம் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டா மெக்கானிக்கை அனுப்புகிறோம்? "நான் வர்றேன். பயப்படாதீங்க, எஞ்சின அணைச்சு வைங்க" என்றாள். அவரும் அணைத்தார். அவள் போகிற வழி முழுக்க இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அவள் மறந்துபோன விஷயம் ஒன்று. ஒரே கட்சிக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது அவர்கள் ஒவ்வொருவருடைய வரைபடத்திலும் புள்ளியாகத் தெரியும். தள்ளுவண்டியின் புள்ளி ஏன் இப்படி வெளியே நகர்கிறது என்று தளபதி பார்த்திருக்கிறார், பொது அலைவரிசையையும் கேட்டிருக்கிறார். வாயைத் திறக்கவில்லை. படையைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அவள் பின்னாலேயே வந்தார். அவள் குழாயை மாட்டி எரிபொருள் ஏற்றத் தொடங்கியபோது சுட்டார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு நம்பிக்கையோடு நின்ற கலம், நகரக்கூட முடியாமல் தூள் தூளானது. இருமல்காரர் கடைசியாக, "காப்பாத்த வர்றேன்னு சொன்னீங்களே" என்றார். அத்தோடு குரல் நின்றுபோனது.

படை சரக்கை அள்ளிக்கொண்டு கூத்தாடியது. கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்த அக்கா வீட்டுக்காரர் அவள் முதுகில் தட்டினார். "பிரமாதம்மா. எஞ்சினையே அணைக்க வச்சிட்ட பாரு. உன் குரல்தான் நல்ல தூண்டில். இனிமே இதையே பண்ணுவோம்."

"நான் தூண்டில் போடல மாமா. காப்பாத்தப் போனேன்."

"எப்படியோ, மீன் விழுந்துச்சுல்ல."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் வேலையில், லிப்ட்டுக்குள்ளிருந்து ஒரு பெண், "நிஜமாவே வர்றாங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்கிற கேள்விதான். மெக்கானிக் உண்மையிலேயே கிளம்பியிருந்தார். ஆனாலும் ஆமாம் என்று சொல்ல இவளுக்கு வாய் கூசியது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேரரசைத் தலைமுழுகினாள். சேர்த்த பட்டமெல்லாம் ஒரே தட்டில் போனது. போகட்டும், யாருக்கு வேண்டும் அந்தப் பட்டம்?

கூட்டணியில் சேர்ந்தாள். இருமல்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அவர் அதைத் திறந்து பார்க்கவே இல்லை, அதன்பிறகு விளையாடவே வரவில்லை என்றார்கள். கூட்டணியின் தலைவி நல்ல மரியாதைக்காரி. "வாங்கக்கா, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று வரவேற்றாள். இரண்டாவது வாரம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, பேரரசு ஆளுங்க உங்க குரலக் கேட்டா நம்புவாங்கல்ல? மாட்டிக்கிட்ட மாதிரி ஒருநாள் கூப்பிடுங்களேன். அவங்க வரட்டும், மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

இங்கேயும் தூண்டில். ஏன், உலகத்தில் ஒருத்தருக்கும் அவள் குரலை வைத்து வேறு வேலையே தோன்றாதா? "வீடு மாதிரின்னு சொன்னீங்க, நிஜமாவே எங்க வீடு மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்சியையும் கைகழுவினாள். இப்போது அவள் சுயேச்சை. வரைபடத்தில் அவளுக்கு யாரும் தெரியமாட்டார்கள், அவளும் யாருக்கும் தெரியமாட்டாள்.

அந்த வாரம்தான் சாப்பாட்டு மேஜையில் துரோகிப் பட்டம் கொடுத்தார்கள். பச்சோந்தி என்பதும் சேர்ந்துகொண்டது. மாடிக்கு வந்து அக்கா நியாயம் வேறு சொன்னாள். "ஒரு விளையாட்டுக்காக வீட்டு மனுஷர்கூட மல்லுக்கு நிப்பியாடி? அவர் உனக்கு என்ன குறை வச்சாரு?"

"என் வாயால ஒருத்தர ஏமாத்த வச்சாருக்கா."

"அது நிஜ ஆளு இல்லையே."

"குரல் நிஜம்தானே. என் குரலும் நிஜம், அவர் குரலும் நிஜம்." அக்காவுக்கு இது புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை.

இவள் போனபிறகு படையின் எரிபொருள் கிடங்கை நிரப்ப ஒரு வீரனும் கையைத் தூக்கவில்லை. சண்டைக்காரர்கள் ஆயிற்றே, மண்ணெண்ணெய் சுமப்பார்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தளபதி புதிதாகக் கட்டிய பெரிய போர்க்கலத்தை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போனார். அதைக் கட்டுவதற்காக எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியிருந்தார். திரும்பும்போது கிடங்குக்கு வந்தார். கிடங்கு காலி. இன்னொரு கிடங்குக்குப் போகப் பார்த்தார், பாதி வழியில் கலம் நின்றது. படையில் ஒருத்தரும் அந்த நேரத்தில் இல்லை.

பொது அலைவரிசையில் கூப்பிட்டார். மாடியில் இவளுக்கு அந்தக் குரல் ஹெட்செட்டிலும் கேட்டது, மாடிப்படி வழியாகவும் கேட்டது. எழுந்து படியேறி வந்து, அம்மா, கொஞ்சம் வா என்று கேட்டிருக்கலாம். துரோகியிடம் எப்படிக் கேட்பது? "பக்கத்துல யாராவது இருக்கீங்களா? காத்து தீரப் போகுது" என்று ஊரறியக் கத்தினார்.

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டுதான் வந்தது. கிடக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் மாட்டிக்கொண்டவரின் குரல் காதில் விழுந்தபிறகு சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குப் பழக்கம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகத்தில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"நான் வர்றேன். பயப்படாதீங்க, எஞ்சின அணைச்சு வைங்க."

தள்ளுவண்டியை விரட்டினாள். காற்று தீர்வதற்குள் எட்டிப் பிடித்துவிட்டாள். பெரிய கலம் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய்க் குழாயை நீட்டினாள். பீரங்கி அவள் பக்கம் திரும்பியது. தளபதி சுட்டார். தள்ளுவண்டி வெடித்தது, நிறைந்திருந்த டேங்க் அத்தனையும் எரிந்து வானத்தில் பரவியது. சற்று நேரத்தில் பெரிய கலத்தின் விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார், கழுத்தில் ஹெட்செட் தொங்கியது.

"உன் பின்னாடி யாரும்மா வந்தது?"

"யாரும் வரல மாமா."

"சும்மா சொல்லாத. கூட்டணி ஆளுங்க எத்தன பேரு?"

"நான் மட்டும்தான். டேங்க் நிறைய பெட்ரோல். உங்க கப்பலுக்குத் தாராளமாப் போதும்."

அவர் குனிந்து அவள் திரையைப் பார்த்தார். வெடித்த இடத்தில் அவளுடைய கலத்தின் துண்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. முகம் சுருங்கிப் போயிற்று.

"நிஜமாவே ஊத்தத்தான் வந்தியா?"

"வர்றேன்னு சொன்னேன்ல."

"அத எப்படிம்மா நான் நம்புறது?" என்றார். நடிப்பு இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அன்னிக்கு அந்த ஆளு நம்பினாரு மாமா."