இடது சக்கரம் தெரிகிறது

ஒரு சொல்

"மூணும் இறங்கி..." என்று நான் ஆரம்பித்ததுமே சேவியர் அண்ணன் என் கையிலிருந்த வாக்கி டாக்கியைப் பிடுங்கிக்கொண்டார். தலைக்கு மேல் தாழப் பறந்த சின்ன விமானம் கடல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானிக்கு முன்னால் எரிய வேண்டிய பச்சை விளக்கு இடது சக்கரத்துக்கு எரியவில்லை, மூன்று சக்கரத்தையும் கீழேயிருந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று டவரில் கேட்டிருந்தார்கள். விமானநிலையத் தீயணைப்பு வண்டியில் வேலை பார்க்கிறவன் பெரும்பாலும் தீயை அணைப்பதில்லை. இப்படி அண்ணாந்து பார்க்கிறான்.

அண்ணன் எங்கள் வண்டியின் டிரைவர். "மூணும் தெரியுது" என்று டவருக்குச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இறங்கியிருக்குன்னா பூட்டு விழுந்திருக்குன்னு நெனைப்பாவ. நீ அங்கன போய் ஆட்டிப் பாத்தியாலே?"

கோபுர தரிசனம்

உள்ளே இரண்டு பேர். ஓட்டுகிறவர் ஒரு பெண். கூட இருப்பவர் விமானத்தின் சொந்தக்காரர், உப்பு வியாபாரி. சக்கரங்களை உள்ளே இழுத்துவிட்டு வயிற்றால் இறங்கலாம். ஆனால் இழுத்தால் மற்ற இரண்டும் உள்ளே போய் இடது சக்கரம் மட்டும் வெளியே நின்றுவிடலாம். நம்பி இறங்கினால் இது மடங்கி இறக்கை உரசலாம். எரிபொருள் இறக்கையில்தான் இருக்கிறது. அதைக் குறைக்க விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. "பூட்டு விழுந்திருக்கான்னு கேக்காவ" என்றது டவர். மறுபடியும் "தெரியுது" என்றோம். ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். கண்ணில் பட்டதற்கு மேல் ஒரு சொல் கேட்பார்கள், நம்மிடம் அது இருக்காது.

முதலாளியைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போக வந்த கார் டிரைவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, இத்தன சுத்து சுத்துதாரு? கோபுரத்த மேலயிருந்தே கும்பிட்டுட்டுப் போயிருவாரோ?"

நுரை

இடது இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடி வலது சக்கரத்தில் வந்து இறங்கினார் அந்தப் பெண். வேகம் தணியும் வரை அப்படியே ஓட்டினார். பிறகு இடது சக்கரம் தரையைத் தொட்டது. நாய் காலை மடக்கி உட்காருவதுபோல மடங்கியது. இறக்கை கொஞ்ச தூரம் உரசி, விமானம் புல்லில் திரும்பி நின்றது. தீ இல்லை. இருந்தாலும் நுரையை அடித்தோம்.

முதலாளி முழங்கால் வரை நுரையோடு வெளியே வந்தார். ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "காத்தடிச்சா நம்ம உப்பளத்துலயும் இதே நுரைதான் தம்பி. என்ன, அது கரிக்கும்."

கணக்கில் வராதது

"பாத்துச் சொன்னது நீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். அண்ணனைக் கை காட்டினேன். பிறகு, 'இறங்கியிருக்கு' என்று நான் முதலில் சொல்ல வந்ததையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அப்படிச் சொல்லியிருந்தா சாதாரணமாத்தான் இறக்கியிருப்பேன்."

ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுத முடிகிற நாள்தான் எங்கள் தொழிலில் நல்ல நாள், அன்றைக்கு எழுதவோ இரண்டு பக்கம் இருந்தது. அதற்கு முன் ஓடுபாதையில் சிதறிய துண்டுகளைப் பொறுக்க வேண்டும். நாங்கள் ஆறு பேர் வரிசையாக நின்று, குனிந்து, மெதுவாக நடக்க ஆரம்பித்தோம். பாதி தூரத்தில் நிமிர்ந்தபோது வரிசையில் ஏழு பேர் இருந்தோம். கடைசி ஆளாக அந்தப் பெண் ஒரு திருகாணியைப் பொறுக்கி வாளியில் போட்டார்.