நாற்பத்தொரு பங்கு முதலாளி

லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை. நின்றால் மட்டும் நினைப்பார்கள், அதுவும் நல்ல வார்த்தையில் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தத் திட்டையெல்லாம் கிரீஸோடு சேர்த்துத் துடைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவர் இந்த மெக்கானிக்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு ரகசியப் பெருமை இருந்தது. அவர் பழுது பார்க்கும் லிஃப்டுகளைச் செய்யும் கம்பெனி கடல் கடந்து இருக்கிறது. அந்த நாட்டுச் சந்தையில் அதன் பங்குகளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஏழு வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகிப் போகும் முன் மகள் அவர் போனில் அதற்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஓவர்டைம் பணம் சேரும்போதெல்லாம் ஒரு பங்கு. இதைப் பற்றி ஒரு புத்தகமும் அவர் படித்ததில்லை. மோட்டாரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அது போதும் என்பார். சிறுகச் சிறுக நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை, இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்க அவருடைய வாக்கைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். 'மதிப்பிற்குரிய பங்குதாரரே' என்று தொடங்கும். அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து பீரோவில் வைப்பார். எல்லாருக்கும் சரி என்றுதான் போடுவார். ஒருவருக்கு மட்டும் ஒருமுறை எதிராகப் போட்டார். போட்டோவில் அந்த ஆளைப் பார்த்தால் லிஃப்டில் ஏறியவர் மாதிரியே தெரியவில்லையாம்.

மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். கூடம் முழுக்கத் துணி. சாப்பிட வேண்டுமானால் யார் வீட்டு ஜன்னலையாவது நகர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு கடை காலியானது. மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் போன் ரிப்பேர்க்காரருக்குக் கொடுத்துவிடுவதாகக் கடைச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். பங்கை விற்றுத் தருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னதும் மெக்கானிக்தான்.

அவர் வேலை முடிந்து கைகால் கழுவும் நேரத்தில் அந்த நாட்டுப் பங்குச் சந்தை திறக்கும். நான்கு நாள் சாயங்காலம் போனும் கையுமாக உட்கார்ந்தார். நான்கு நாளும் ஒரே பதில். போட்டுவிட்டேன், யாரும் வாங்கவில்லை. கம்பெனி நொடித்துவிட்டதோ, மனுஷன் சொல்ல முடியாமல் தவிக்கிறாரோ என்று மனைவிக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள், பழைய சோபா உறைகளைப் பிரித்துத் தைக்கச் சொல்லி ஒரு அம்மாள் மூட்டையோடு வந்தார். மனைவி முடியாது என்று சொல்லவில்லை. புது சோபாவே வாங்கிவிடக்கூடிய ஒரு விலையைச் சிரித்த முகத்தோடு சொன்னார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மூட்டை திரும்பிப் போனது.

"இனி அந்தம்மா இந்தப் பக்கமே வரமாட்டாங்க" என்றார் மெக்கானிக்.

"வரக் கூடாதுன்னுதானே அந்த விலை சொன்னேன்."

சொல்லிவிட்டு, உதட்டில் கவ்விய குண்டூசியோடு அப்படியே நின்றார். பிறகு கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, இன்னைக்கு என்ன விலை போகுது?"

சொன்னார்.

"நீங்க என்ன விலைக்குப் போட்டிருக்கீங்க?"

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மனைவி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த விலை வந்தால் மட்டும் விற்கவும் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அதில் இருந்த விலையை அந்தப் பங்கு ஏழு வருடத்தில் கனவில்கூடப் பார்த்ததில்லை.

"இது என்னோட சோபா விலை" என்றார் மனைவி.

சண்டை வரும் என்று பார்த்தார் மெக்கானிக். வராததால் உண்மை வந்தது.

"நடு மாடியில என்னை நிறுத்தி வச்சுத் திட்டுவாங்க பாரு, அப்ப மனசுக்குள்ள சொல்லிக்குவேன். உங்களுக்கு என்னடா தெரியும், நான் இந்தக் கம்பெனிக்கே முதலாளின்னு. வித்துட்டா என்னத்தைச் சொல்றது?"

மனைவி சிரிக்கவில்லை. மெக்கானிக் பயந்ததே அந்தச் சிரிப்புக்குத்தான்.

"அட்வான்ஸுக்கு எத்தனை விக்கணும்?"

"முப்பத்தெட்டு."

"மிச்சம் மூணு இருந்தா அந்த லெட்டர் வருமா?"

"ஒண்ணு இருந்தாலே வரும்."

"அப்புறம் என்ன? மூணு பங்கு முதலாளியா, நாற்பத்தொரு பங்கு முதலாளியான்னு திட்டறவங்களுக்குத் தெரியவா போகுது?"

அவர் பழைய விலையை அழித்தார். இன்றைய விலைக்கே என்று மாற்றி, முப்பத்தெட்டைப் போட்டார். விரல் அந்தரத்தில் நின்றது.

"அழுத்துங்க. துணி வெட்டற மாதிரிதான். யோசிச்சா கோணிப்போகும்."

அழுத்தினார். கண் இமைப்பதற்குள் விற்றுவிட்டது. ஏழு வருடம் சேர்த்தது அவ்வளவு சுருக்கில் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பணம் நம் காசாக மாறி வங்கிக்கு வர ஐந்து நாளானது. மாதக் கடைசிக்கு முந்தின நாள் சாவி கைக்கு வந்தது. கடைக்குப் போகும் லிஃப்ட் வேறொரு கம்பெனியுடையது. அதன் சுவரில் காதை வைத்தபடியே மூன்று மாடியும் போனார்.

"ரோப் தேயுது" என்றார், முகமெல்லாம் மலர. "நல்லவேளை, இதுல ஒரு பங்குகூட வாங்கலை."

மனைவி கடைக் கதவைத் திறந்து, அளவு நாடாவை உதறி ஒரு முனையை நீட்டினார்.

"முதலாளி, அந்தப் பக்கம் பிடிங்க."