ஒயர் தொங்கிய தொப்பி

என் கணவர் மனதைப் படிக்கும் இயந்திரம் செய்கிறார் என்று நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களெல்லாம் பேசிக்கொண்டன. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் பெண்கள் என்னிடம், "நீ கொடுத்து வெச்சவ, வாயைத் திறந்து எதுவும் கேக்கவே வேணாம்" என்பார்கள். நான் வாயைத் திறந்து கேட்டதே அவர் காதில் ஏறாது. அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உண்மையில் அது மனதைப் படிக்கிற இயந்திரமும் இல்லை. கைகால் அசையாமல், பேச்சும் போய்ப் படுத்திருக்கிறவர்கள் எழுத்தெழுத்தாகத் தங்கள் எண்ணத்தைச் சொல்வதற்கானது. ஒயர்கள் தொங்கும் தொப்பியைத் தலையில் மாட்டுவார்கள். எதிரே திரையில் ஆங்கில எழுத்துகள் கட்டங்கட்டமாக நின்று, வரிசை வரிசையாக மாறி மாறி மின்னும். நமக்கு வேண்டிய எழுத்து மின்னும்போது மட்டும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். எதிர்பார்த்தது வந்ததும் அரை நொடிக்குள் மூளையின் மின் அலை சற்றே எழும்பும். ஒருமுறை எழும்பினால் மற்ற இரைச்சலில் தெரியாது. திரும்பத் திரும்ப மின்னவிட்டுச் சராசரி எடுத்தால்தான் பிடிபடும். நாம் எண்ணாமல் இருந்தால் இயந்திரத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. வீட்டில் சும்மா இருக்கிற தலை என்பதால் தொப்பி எனக்கு வந்தது. எண்ணெய் இருந்தால் சிக்னல் வராதென்று தேங்காய் எண்ணெயை நிறுத்தச் சொன்னார். லேபில் ஒயர் முனைகளுக்குப் பசை வைப்பதற்கு முன் மண்டைத் தோலைச் சுரண்டுவார். எரியும். அசையாதே என்பார். வீட்டில் அவர் என் தலையைத் தொட்டதாக நினைவில்லை.

அந்த வருடம் ஊரில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. டிக்கெட் போடச் சொன்னேன். பணம் போடுகிறவர்களுக்கு இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் டெமோ முடியட்டும் என்றார். டெமோ தள்ளிப்போனது. வேறு யாருக்காவது தொப்பியை மாட்டக்கூடாதா என்று கேட்டேன். ப்ரோக்ராம் என் மூளைக்கே பழகியிருக்கிறது, புதிய ஆளைப் பழக்க நேரமில்லை என்றார். என் மூளை அவருக்கு அவ்வளவு முக்கியம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது டெமோ வந்தது.

பணம் போடப்போகிற அமெரிக்கர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் எழுத வேண்டிய சொல் வாட்டர். எழுத்துகள் மின்னத் தொடங்கின. டபிள்யூவை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. மனதில் வேறொரு சொல் ஓடிக்கொண்டிருந்தது. பி மின்னும்போது எண்ணினேன். திரையின் கீழே பி விழுந்தது. அடுத்து ஓ. அவர் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. பிறகு என், யு, எம். போணும்.

ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றை முழுதாகக் கேட்டது அந்த இயந்திரம்தான். என்னைத் தவிர அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, இது வெறும் இரைச்சல், அர்த்தமில்லாத எழுத்துகள், இவள் களைத்துவிட்டாள் என்று இங்கிலீஷில் நிதானமாக விளக்கினார். அவர்களில் ஒருவர் இரக்கப்பட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயால் சொல்லி அலுத்துப் போயிருந்தேன்.

மறுபடி ஓடவிட்டார். படித்துவிட்டார், இனி டிக்கெட் போடுவார் என்று நம்பி வாட்டரை ஒழுங்காக எண்ணிக் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பும்போது காரில் உற்சாகமாக இருந்தார். "சிக்னல் இன்னிக்கு ரொம்ப க்ளீனா இருந்துது. முதல்ல வந்த அஞ்சு லெட்டரும் கரெக்ட்டு, இல்ல?"

"அப்ப டிக்கெட் போடறீங்களா?"

"அவங்க அடுத்த வாரம் திரும்ப வர்றாங்க" என்றார்.

தங்கைக்கு முகூர்த்தம் விடியற்காலை. நியூ ஜெர்சியில் அப்போது முந்தைய நாள் மாலை. லேபில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் தாலி ஏறியிருக்கும் என்று நினைத்தபோது கண் நிறைந்தது. அழுதால் அலை கெட்டுப்போகும் என்று கண்ணைத் துடைக்கச் சொன்னார்.

"எதையும் நினைக்காம சும்மா உக்காரு. வெறும் மூளை எப்படி இருக்குன்னு ரெக்கார்ட் பண்ணணும்."